சுமை நழுவாமல் இருக்க

(கொல்கத்தா அலிப்பூரில், லாரித் தொழிலாளர்களும் அவர்கள் குடும்பத்தாரும் வரும் தமிழ் எழுத்தறிவு வகுப்பில், தொண்டர் ஒருவர் பேசியது)

 

இன்று பாடப் புத்தகத்தை மூடி வையுங்கள். இன்றைய பாடம் இந்த மேசைமேல் இருக்கிறது. பாருங்கள். ஒரு ராட்செட் பெல்ட். ஒரு துண்டுச் சங்கிலி. ஒரு டர்ன்பக்கிள். ஒரு முழம் கயிறு. ஒரு சின்ன எண்ணெய் டப்பா.

முதலில் ஒரு விடுகதை போடுகிறேன்.

வண்டி ஓடும் வரை என்னை யாரும் பார்ப்பதில்லை. நான் பிடியை விட்டால் ஊரே கூடிப் பார்க்கும். நான் யார்?

சரியாகச் சொன்னீர்கள். சுமையைக் கட்டும் பெல்ட். சங்கிலி என்றாலும் சரி. கயிறு என்றாலும் சரி.

டயரைத் தினமும் தட்டிப் பார்க்கிறோம். எஞ்சின் ஆயிலை அளந்து பார்க்கிறோம். பிரேக்கை மிதித்துப் பார்க்கிறோம். ஆனால் பத்து டன் சரக்கைப் பிடித்து வைத்திருக்கும் இந்தச் சின்ன இரும்பை யார் பார்க்கிறோம்? வேலை முடிந்ததும் டூல் பெட்டியில் எறிகிறோம். அடுத்த லோடு ஏற்றும்போது இழுத்துப் பார்க்கிறோம். அது வரமாட்டேன் என்கிறது. சுத்தியலால் ஒரு போடு போடுகிறோம். வந்துவிடுகிறது. அதோடு மறந்துவிடுகிறோம்.

நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். எனக்கு லாரி ஓட்டத் தெரியாது. உங்களில் பலர் நான் பிறப்பதற்கு முன்பே ஸ்டீயரிங் பிடித்தவர்கள். ஆகவே வண்டி ஓட்டுவது பற்றி நான் பேசப்போவதில்லை. இந்தக் கருவிகளோடு வரும் சீட்டில் எழுதியிருப்பதையும், மூத்த டிரைவர்களும் மெக்கானிக்குகளும் சொல்வதையும் ஒன்றாகச் சேர்த்துச் சொல்கிறேன். சந்தேகம் இருந்தால் நடுவிலேயே கேளுங்கள்.

நாம் நிற்கும் இடம்

அலிப்பூர் என்றால் மற்றவர்கள் மிருகக்காட்சி சாலையைச் சொல்வார்கள். தேசிய நூலகத்தைச் சொல்வார்கள். நாணயம் அடிக்கும் சாலையைச் சொல்வார்கள். நமக்கு அலிப்பூர் என்றால் வேறு. பக்கத்தில் கிதிர்பூர் துறைமுகம். தெற்கே மாஜேர்ஹாட், தாராதலா. நடுவே டைமண்ட் ஹார்பர் சாலை. கண்டெய்னர் டிரெய்லரும், இரும்பு ஏற்றிய லாரியும், மூட்டை ஏற்றிய லாரியும் ஓயாமல் போகும் இடம்.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்திலிருந்து லோடு ஏற்றி இங்கே வருகிறீர்கள். சென்னையிலிருந்து கொல்கத்தாவுக்குத் தேசிய நெடுஞ்சாலை 16. ஏறக்குறைய 1,700 கிலோமீட்டர். தமிழ்நாடு, ஆந்திரா, ஒடிசா, மேற்கு வங்காளம் என நான்கு மாநிலங்கள். இத்தனை தூரமும் சரக்கைப் பிடித்து வருவது எது? இதோ, இந்தப் பல்சக்கரமும் இந்தச் சங்கிலிக் கண்ணியும்தான்.

சரக்குக்குப் பிரேக் கிடையாது

பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறீர்கள். டிரைவர் சட்டென்று பிரேக் போடுகிறார். என்ன ஆகிறது? பஸ் நிற்கிறது. நீங்கள் முன்னால் சாய்கிறீர்கள். கம்பியைப் பிடித்தால் தப்பித்தீர்கள்.

சரக்கும் அப்படித்தான். பிரேக் சக்கரத்துக்குத்தான் இருக்கிறது. சரக்குக்கு இல்லை. வண்டி நின்றாலும் சரக்கு முன்னால் போகத்தான் பார்க்கும். அதற்குக் கை கிடையாது. கம்பியைப் பிடிக்கத் தெரியாது. நாம் கட்டிய பெல்ட்தான் அதன் கை.

எவ்வளவு வேகமாகத் தள்ளும்? ஐரோப்பிய நாடுகளில் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். முன்பக்கம் நழுவாமல் இருக்க, சரக்கின் எடையில் பத்தில் எட்டுப் பங்கு விசையைத் தாங்க வேண்டும். பக்கவாட்டிலும் பின்பக்கமும் பாதிப் பங்கைத் தாங்க வேண்டும். பத்து டன் சரக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் எட்டு டன் தள்ளும். வளைவில் ஐந்து டன் தள்ளும். நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பத்துக்கு எட்டு. பத்துக்கு ஐந்து.

அந்த எட்டு டன் எங்கே போய் முட்டும்? கேபினில். கேபினில் யார் இருக்கிறார்கள்? நீங்கள் இருக்கிறீர்கள். கிளீனர் தம்பி இருக்கிறார்.

அலிப்பூர் மழை

செய்தியில் "கொல்கத்தாவில் இன்று இத்தனை மில்லிமீட்டர் மழை" என்று சொல்கிறார்களே, அதை எங்கே அளக்கிறார்கள் தெரியுமா? இதே அலிப்பூரில் உள்ள வானிலை நிலையத்தில்தான். ஓர் ஆண்டுக்கு இங்கே ஏறக்குறைய 1,800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. நாமக்கல்லில் பெய்வது அதில் பாதிகூட இல்லை.

அதனால் என்ன என்கிறீர்களா? இரும்போடு தண்ணீரும் காற்றும் சேர்ந்தால் துரு பிடிக்கும். நாமக்கல்லில் ஒரு வருடம் நன்றாக இருந்த ராட்செட், இங்கே ஒரு மழைக்காலத்தில் இறுகிவிடும். ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் இந்தப் பக்கம் ஓடும் வண்டிக்குக் கவனிப்பு அதிகம் வேண்டும்.

துருவோடு சேறும் சேரும். சிமெண்டுத் தூளும், நிலக்கரித் தூளும் சேரும். எல்லாம் பல்சக்கரத்துக்குள் போய் அடைந்துகொள்ளும்.

ஒரே ஒரு விதி

இன்று நான் சொல்லப்போவது ஒரே ஒரு விதிதான். மற்றதெல்லாம் அதன் கிளைகள்.

அந்த விதியை நான் சொல்ல மாட்டேன். உங்களுக்கே தெரியும். ஊரை நினைத்துப் பாருங்கள்.

மாட்டு வண்டி அச்சுக்கு என்ன போடுவோம்? வண்டி மை. பாரத்தைக் கட்டிய வடக்கயிற்றுக்கு மை போடுவோமா? போட மாட்டோம். ஏன்? கயிறு வழுக்கும். பாரம் சரியும்.

கிணற்று ராட்டினம் கிறீச்சிட்டால் என்ன செய்வோம்? ராட்டினத்தின் அச்சில் எண்ணெய் விடுவோம். தாம்புக் கயிற்றில் விடுவோமா? விட்டால் குடம் கிணற்றுக்குள் போகும்.

தையல் மிஷின் வைத்திருக்கும் அக்காமார்களைக் கேளுங்கள். ஓடும் தண்டுக்கு எண்ணெய் விடுவார்கள். தைக்கும் துணியில் ஒரு சொட்டும் படாமல் பார்த்துக்கொள்வார்கள்.

இப்போது சொல்லுங்கள், விதி என்ன?

சுழலும் இடத்துக்கு எண்ணெய். பிடிக்கும் இடத்துக்கு எண்ணெய் கூடாது.

அவ்வளவுதான். கரும்பலகையில் பெரிதாக எழுதியிருக்கிறேன். ஒவ்வொருவராக வாய்விட்டுப் படியுங்கள்.

சிலர் எண்ணெயே விடுவதில்லை. கருவி இறுகிப்போகிறது. சிலர் அன்பு அதிகமாகி எல்லாவற்றிலும் கிரீஸைப் பூசிவிடுகிறார்கள். பெல்ட் வழுக்குகிறது. இரண்டும் ஆபத்துதான்.

ராட்செட்டுக்குள் என்ன இருக்கிறது?

இதோ, ராட்செட்டைத் திறக்கிறேன். அருகில் வந்து பாருங்கள்.

நடுவில் ஒரு தண்டு இருக்கிறது. அதில் ஒரு பிளவு. பெல்ட் அந்தப் பிளவுக்குள் போகும். தண்டின் இரண்டு பக்கமும் பல்சக்கரம். பல்லில் வந்து விழ ஒரு நாக்கு. நாக்கைத் தள்ளிக்கொண்டிருக்க ஒரு ஸ்பிரிங். இழுக்க ஒரு கைப்பிடி.

சைக்கிளை மிதிக்காமல் ஓட விட்டால் பின்சக்கரத்தில் "டிக் டிக்" என்று சத்தம் வருகிறதே, அதுவும் இதே வேலைதான். ஒரு பக்கம் சுற்றும். மறு பக்கம் சுற்றாது. சுற்ற விடாமல் தடுப்பது அந்த நாக்கு. முழுச் சுமையும் அந்த நாக்கின் நுனியில்தான் நிற்கிறது.

நாக்கு பல்லின் அடிவரை விழ வேண்டும். சேறு அடைத்திருந்தால் பாதிதான் விழும். துருப்பிடித்த ஸ்பிரிங் நாக்கைத் தள்ளாது. பார்வைக்கு இறுகியது போலவே இருக்கும். ஒரு குலுக்கலில் விட்டுவிடும்.

நம் வகுப்புக்கு வரும் ஓர் அண்ணன் சொன்னதைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம் என்றார். ஒரு மழை நாளில் இரும்புக் குழாய் ஏற்றினார்கள். ராட்செட்டில் சேறு இருந்தது. "டிக்" சத்தம் சரியாக வரவில்லை. மழையில் யார் கழற்றித் துடைப்பது? அப்படியே இறுக்கிக் கிளம்பினார்கள். பாலேஸ்வர் தாண்டி ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. பிரேக் போட்டார். ராட்செட் ஒன்று விட்டுக்கொடுத்தது. மேல் வரிசைக் குழாய்கள் முன்னால் பாய்ந்தன. கேபினின் பின்சுவரைக் குத்திக்கொண்டு, கிளீனர் உட்காரும் பக்கம் உள்ளே வந்து நின்றன.

கிளீனர் தம்பி காய்ச்சல் என்று இரண்டு நாள் முன்புதான் ஊருக்குப் போயிருந்தார். அந்த இருக்கை காலியாக இருந்தது.

அந்த அண்ணன் இன்றும் ஒவ்வொரு ராட்செட்டையும் காதுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் இழுக்கிறார். "டிக் டிக்" தெளிவாகக் கேட்ட பிறகுதான் பெல்ட்டைக் கோக்கிறார்.

ராட்செட்டைப் பேணுவது எப்படி?

1. பெல்ட்டை முழுவதும் வெளியே எடுங்கள். பெல்ட் உள்ளே இருக்கும்போது எண்ணெய் விடவே கூடாது.

2. பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்று போதும். பல், நாக்கு, தண்டின் இரண்டு முனை, எல்லா இடத்திலும் தேயுங்கள். மண்ணும் துருத் தூளும் கொட்டட்டும். காய்ந்த துணியால் துடையுங்கள்.

3. மெல்லிய மெஷின் எண்ணெய் எடுங்கள். தண்டு சுழலும் இரண்டு முனையில் இரண்டிரண்டு சொட்டு. நாக்கு நகரும் இடத்தில் ஒரு சொட்டு. ஸ்பிரிங்கில் ஒரு சொட்டு. கைப்பிடி மடங்கும் இடத்தில் ஒரு சொட்டு.

4. கைப்பிடியைப் பத்து முறை இழுத்து விடுங்கள். எண்ணெய் உள்ளே போகும்.

5. மிச்ச எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். பெல்ட் தொடும் நடுத்தண்டைக் காய்ந்த துணியால் நன்றாகத் துடையுங்கள். இதை மறக்காதீர்கள்.

இங்கே கெட்டியான கிரீஸ் வேண்டாம். கிரீஸ் மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நாக்கு ஒட்டிக்கொள்ளும். நாக்குக்கு மெல்லிய எண்ணெய்தான் நல்லது.

பல் உடைந்திருக்கிறதா? நாக்கு தேய்ந்து மழுங்கியிருக்கிறதா? கைப்பிடி வளைந்திருக்கிறதா? அதற்கு எண்ணெய் மருந்து ஆகாது. அந்த ராட்செட்டை ஒதுக்கிவிடுங்கள். வெல்டிங் வைக்க வேண்டாம்.

கட்டும்போது தண்டில் பெல்ட் இரண்டு சுற்றாவது இருக்க வேண்டும். மூன்றுக்கு மேல் போனால் உள்ளே அடைத்துக்கொள்ளும். கடைசியில் கைப்பிடியை மடக்கிப் பூட்ட வேண்டும். கைப்பிடியில் குழாய் மாட்டி நீட்டி இழுக்காதீர்கள். நம் கையால் எவ்வளவு இழுக்க முடியுமோ அவ்வளவுக்குத்தான் அதைச் செய்திருக்கிறார்கள்.

பெல்ட்டைப் பேணுவது எப்படி?

பெல்ட் துணி. துணிக்கு எண்ணெய் பகை.

எண்ணெய் பட்ட பெல்ட் வழுக்கும். மண் ஒட்டும். அந்த மண் நூலுக்குள் புகுந்து அரம் மாதிரி அறுக்கும்.

பெல்ட் அழுக்கானால் சாதாரணத் தண்ணீரில் கொஞ்சம் துணி சோப்புப் போட்டு அலசுங்கள். வெந்நீர் வேண்டாம். துருக்கறையைப் போக்க ஆசிட் ஊற்ற வேண்டாம். நிழலில் உலர்த்துங்கள். வெயில் பல மாதம் அடித்தால் நூல் நைந்துபோகும். சைலென்சர் மேல் போட்டு உலர்த்தினால் பெல்ட் உருகும்.

நன்றாகக் காய்ந்த பிறகுதான் சுருட்ட வேண்டும். ஈரப் பெல்ட்டை ராட்செட்டோடு சேர்த்து மூடினால் ராட்செட் துருப்பிடிக்கும்.

எந்தப் பெல்ட்டை ஒதுக்க வேண்டும்? 50 மில்லிமீட்டர் அகலமுள்ள பெல்ட் என்றால், ஓரத்தில் 5 மில்லிமீட்டர் வெட்டு இருந்தாலே ஒதுக்க வேண்டும். பத்தில் ஒரு பங்கு என்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள். தையல் பிரிந்திருந்தாலும், நூல் உருகிக் கெட்டிப்பட்டிருந்தாலும் ஒதுக்க வேண்டும். அறுந்த பெல்ட்டை முடிச்சுப் போட்டுக் கட்டக் கூடாது. முடிச்சு விழுந்த இடத்தில் பெல்ட்டின் பலம் வெகுவாகக் குறைந்துவிடும்.

கூரான முனை உள்ள சரக்கா? முனையில் பழைய டயர்த் துண்டையோ, கெட்டியான ரப்பரையோ வையுங்கள். பெல்ட் பல நாள் உழைக்கும்.

இப்போது நம் படிப்புக்கு வருவோம். நல்ல பெல்ட்டில் ஒரு சீட்டுத் தைத்திருக்கும். பெரும்பாலும் நீல நிறம். அதில் எல், சி என்று இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். கரும்பலகையில் வரைந்திருக்கிறேன், பாருங்கள். பக்கத்தில் 2500 என்று எண் இருந்தால், அந்தப் பெல்ட் நேராக இழுக்கும்போது ஏறக்குறைய 2,500 கிலோ எடையின் இழுப்பைத் தாங்கும் என்று பொருள்.

சரக்குக்கு மேலே ஒரு பெல்ட் போட்டால் இரண்டரை டன்னைப் பிடித்துவிடும் என்று இதற்குப் பொருள் இல்லை. மேலே போடும் பெல்ட் சரக்கைக் கீழே அழுத்துகிறது. அவ்வளவுதான். அழுத்தும்போது சரக்கும் பலகையும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்கின்றன. பலகையில் எண்ணெய் சிந்தியிருந்தால் அந்தப் பிடி போய்விடும். சரக்கு வழுக்கும். ஆகவே வண்டியின் தளமும் பிடிக்கும் இடம்தான். லோடு ஏற்றும் முன் பெருக்குங்கள். எண்ணெய் சிந்தியிருந்தால் மணல் போட்டு உறிஞ்சவிட்டு, பிறகு பெருக்குங்கள்.

எண்ணுள்ள அந்தச் சீட்டைக் கிழித்து எறியாதீர்கள். சீட்டு இல்லாத பெல்ட், கிலோ எழுதாத எடைக்கல் மாதிரி.

சங்கிலியும் டர்ன்பக்கிளும்

இரும்புச் சுருள், தகடு, இயந்திரம் போன்ற கனமான சரக்குக்குச் சங்கிலிதான்.

சங்கிலியைத் துருப்பிடிக்காமல் காக்க வேண்டும். ஆனால் அது சரக்கைத் தொட்டுப் பிடிக்கிறது. ஆகவே எண்ணெயில் நனைத்த துணியால் மேலாகத் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் இன்னொரு முறை துடையுங்கள். கையில் பிடித்தால் எண்ணெய் ஒட்டக் கூடாது. அதுதான் அளவு.

ஒவ்வொரு கண்ணியையும் விரலால் தடவிப் பாருங்கள். வெடிப்பு இருக்கிறதா? வளைந்திருக்கிறதா? நீண்டிருக்கிறதா? கண்ணியும் கண்ணியும் உரசும் இடத்தில் தேய்ந்திருக்கிறதா? இங்கேயும் பத்தில் ஒரு பங்குதான் கணக்கு. 10 மில்லிமீட்டர் கம்பி 9 மில்லிமீட்டர் ஆகிவிட்டால் அந்தச் சங்கிலியின் வேலை முடிந்தது. போல்ட்டு போட்டோ, வெல்டிங் வைத்தோ இணைக்கக் கூடாது. சங்கிலியில் முடிச்சுப் போடவும் கூடாது.

டர்ன்பக்கிள், சங்கிலி இறுக்கும் பைண்டர் ஆகியவற்றில் திருகு மரை இருக்கும். மரை சுழலும் இடம். இங்கே கிரீஸ் போடலாம். முதலில் மரை முழுவதும் வெளியே வரும்படி திருப்புங்கள். பிரஷ்ஷால் தேயுங்கள். மெல்லியதாகக் கிரீஸ் தடவுங்கள். முழுவதும் உள்ளே திருப்பி, மறுபடி வெளியே திருப்புங்கள். பிதுங்கி வரும் கிரீஸைத் துடையுங்கள். கொக்கிகளில் கிரீஸ் வேண்டாம். கொக்கி பிடிக்கும் இடம்.

நெம்புகோல் உள்ள பைண்டர் என்றால் ஓர் எச்சரிக்கை. அவிழ்க்கும்போது கோல் உதைத்து எழும்பும். தாடை உடையும். கோல் வரும் பாதையில் முகத்தை வைக்காதீர்கள்.

கண்டெய்னர் பூட்டு

துறைமுகத்து அண்ணன்மார்களுக்கு இது. டிரெய்லரில் கண்டெய்னரின் நான்கு மூலைக்கும் நான்கு பூட்டு இருக்கும். காளான் தலை போல ஒரு இரும்பு. கண்டெய்னரின் மூலை ஓட்டைக்குள் அது போகும். கைப்பிடியைத் திருப்பினால் தலை கால் சுற்றுத் திரும்பிப் பூட்டிக்கொள்ளும்.

துருப்பிடித்தால் அது பாதிதான் திரும்பும். பூட்டியது போலத் தெரியும். பூட்டாது. "காலி கண்டெய்னர்தானே" என்று சிலர் பூட்டாமலே போகிறார்கள். 20 அடிக் காலிக் கண்டெய்னரே இரண்டு டன்னுக்கு மேல் எடை. பெரிய காற்று அடித்தால் அதுவும் சரியும். பக்கத்தில் சைக்கிளில் போகிறவர், நடைபாதையில் நிற்கிறவர், அவருக்கும் வீட்டில் ஆள் காத்திருப்பார்கள்.

பூட்டின் தண்டுக்கும் கைப்பிடிக்கும் எண்ணெயோ கிரீஸோ போட்டு, தடையில்லாமல் திரும்புகிறதா என்று கண்டெய்னர் ஏற்றும் முன்பே பாருங்கள். ஏற்றிய பிறகு நான்கு மூலையையும் நடந்து போய்ப் பாருங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வாய்விட்டு எண்ணுங்கள்.

கயிறும் தார்ப்பாயும்

மூட்டை லோடுக்கு இன்னும் கயிறுதான் அதிகம். கயிற்றுக்கு எண்ணெய் வேண்டாம். நார்க் கயிறானால் புரியைப் பிரித்து உள்ளே பாருங்கள். வெளியே நன்றாக இருந்தாலும் உள்ளே தூளாக இருந்தால் கயிறு செத்துவிட்டது. பிளாஸ்டிக் கயிறு வெயிலில் வெளுத்து, கையில் பிடித்தால் பொடியாக உதிர்ந்தால் அதுவும் செத்துவிட்டது.

கயிறு கட்டும் கொக்கிகள் வண்டியின் பாடியில் இருக்கின்றன. அவற்றின் வெல்டிங் விட்டிருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். கயிறு புதிது, கொக்கி பழையது என்றால் பயன் இல்லை.

எந்த எண்ணெய்?

இந்தக் கேள்வியைப் பலர் கேட்டீர்கள்.

மெஷின் எண்ணெய் நல்லது. சின்ன டப்பா பல மாதம் வரும். சமையல் எண்ணெய் வேண்டாம். நாளாக நாளாகப் பிசினாகிவிடும். தேங்காய் எண்ணெய் இங்குள்ள மார்கழிக் குளிரில் உறைந்துவிடும். எஞ்சினிலிருந்து வடித்த கருப்பு ஆயிலும் வேண்டாம். அதில் இரும்புத் தூள் இருக்கிறது. நாள்பட அது தோலில் பட்டால் உடலுக்கும் கேடு.

துரு விடுவிக்கும் ஸ்பிரே அடித்தால் இறுகியது விடும். ஆனால் அது சீக்கிரம் காய்ந்துவிடும். அதன் பிறகு எண்ணெயும் விட வேண்டும்.

இங்கே கடையில் கேட்க நான்கு வங்காளச் சொற்கள் சொல்கிறேன். எண்ணெய்க்குத் "தேல்". கயிற்றுக்குத் "தொடி". சங்கிலிக்கு "ஷிகொல்". துருவுக்கு "மொர்ச்சே". எழுதிக்கொண்டீர்களா?

எப்போது செய்வது?

"நேரம் எங்கே இருக்கிறது?" என்று பின்வரிசையிலிருந்து ஓர் அண்ணன் கேட்கிறார். நியாயமான கேள்விதான்.

கொல்கத்தாவில் பல சாலைகளில் பகலில் பெரிய லாரி போகத் தடை இருக்கிறது. துறைமுகக் கேட்டிலும் வரிசை. எத்தனை மணி நேரம் காத்துக் கிடக்கிறீர்கள்! அந்த நேரத்தில் கால் மணி எடுத்தால் இரண்டு மூன்று ராட்செட்டுகளைத் துடைத்து எண்ணெய் விட்டுவிடலாம். மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை. மற்ற மாதங்களில் மாதம் ஒரு முறை. தண்ணீரில் முழுகினால் அன்றைக்கே.

கட்டியதோடு வேலை முடியவில்லை. ஓட ஓடச் சரக்கு அமுங்கும். பெல்ட் தளரும். அமெரிக்காவில் ஒரு சட்டம் இருக்கிறது. கிளம்பி முதல் 80 கிலோமீட்டருக்குள் வண்டியை நிறுத்திக் கட்டைப் பார்க்க வேண்டும். பிறகு 240 கிலோமீட்டருக்கு ஒரு முறையோ, மூன்று மணிக்கு ஒரு முறையோ, எது முதலில் வருகிறதோ அப்போது பார்க்க வேண்டும். நாமும் அப்படிச் செய்யலாமே. டீ குடிக்க இறங்கும்போது ஒரு சுற்று வந்து, ஒவ்வொரு பெல்ட்டையும் கையால் தட்டிப் பாருங்கள்.

ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். இப்படி எழுதினால் போதும்.

ஆனி 5. நான்கு ராட்செட் துடைத்தேன். எண்ணெய் விட்டேன்.
ஆனி 12. இரண்டாவது பெல்ட் ஓரத்தில் வெட்டு. ஒதுக்கினேன்.
ஆனி 13. புதுப் பெல்ட் வேண்டும் என்று முதலாளியிடம் சொன்னேன்.

மூன்று வரிதான். உங்கள் கையெழுத்து கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. அந்த மூன்றாவது வரிதான் மிக முக்கியம். ஏன் என்று சொல்கிறேன்.

யார் வாங்கித் தருவது?

எண்ணெய் விடுவது நம் வேலை. தேய்ந்ததை மாற்ற வேண்டியது யார் வேலை? வண்டிக்கு உரியவர் வேலை. புதுப் பெல்ட்டுக்கு டிரைவர் படியிலிருந்து பணம் எடுக்க முடியுமா? முடியாது.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இல் வந்தது. அதன் 194-ஆம் பிரிவில் 2019-இல் ஓர் உட்பிரிவைச் சேர்த்தார்கள். சரக்கு பக்கவாட்டிலோ, முன்னாலோ, பின்னாலோ, அனுமதித்த உயரத்துக்கு மேலோ நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம். சரக்கை இறக்கும் செலவும் தனி. அந்தச் சட்டம் ஓட்டுபவரை மட்டும் சொல்லவில்லை. அப்படி ஓட்டச் செய்பவரையும், ஓட்ட விடுபவரையும் சேர்த்துத்தான் சொல்கிறது.

கவனக்குறைவால் ஓர் உயிர் போனால் இன்னும் பெரிது. பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டம் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 106-ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு.

விபத்து நடந்ததும் எல்லோரும் டிரைவரைத்தான் காட்டுவார்கள். "ஒழுங்காகக் கட்டவில்லை" என்பார்கள். அப்போது நம் வாய்ச்சொல் நிற்காது. "ஆனி 13-இல் புதுப் பெல்ட் கேட்டேன்" என்று எழுதி வைத்த வரி பேசும். எழுதப் படித்த எழுத்து இதற்கும் உதவ வேண்டும், அண்ணா.

ஆனால் எழுதி வைத்துவிட்டால் போதும் என்று அறுந்த பெல்ட்டோடு கிளம்பிவிடாதீர்கள். மாற்றுப் பெல்ட் வரும் வரை லோடு ஏற்ற மாட்டேன் என்று சொல்ல வேண்டும். தனி ஆளாகச் சொல்லப் பயமாக இருந்தால் நான்கு பேர் சேர்ந்து சொல்லுங்கள். சங்கத்தில் சொல்லுங்கள்.

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள் பெரியவர்கள். அச்சாணி சின்னதுதான். ராட்செட்டின் நாக்கும் சின்னதுதான்.

இப்போது எழுந்து வாருங்கள். மேசையில் இரண்டு பழைய ராட்செட்டுகள் வைத்திருக்கிறேன். ஒன்று நல்லது. ஒன்று ஒதுக்க வேண்டியது. எது எது, ஏன் என்று ஒவ்வொருவரும் பார்த்து, நோட்டில் இரண்டு வரி எழுதுங்கள். எழுதியதைப் பக்கத்தில் இருப்பவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

இன்று இரவு வண்டிக்குப் போனதும் முதல் வேலையாக டூல் பெட்டியைத் திறங்கள். செய்வீர்களா?